கெட்டுப்போனா யார் கதவத் தட்டறது?

மக்களே, இதைப் படிக்கிறவங்கள்ல ஒருத்தராவது இப்போ இன்னொரு டேப்ல ஒரு கேமிங் லேப்டாப்போட அமெரிக்க விலையைத் திறந்து வச்சிருப்பீங்க. டாலரை ரூபாயா மாத்திப் பார்த்துட்டு, "அடேங்கப்பா, இங்க விக்கிறதுக்கு அங்க எவ்ளோ கம்மி!"ன்னு வாயைப் பிளந்திருப்பீங்க. வெளிநாட்டில் இருக்கிற அண்ணனோ அத்தை பையனோ எப்போ ஊருக்கு வர்றாங்கன்னு வீட்டில் நைசா விசாரிச்சும் இருப்பீங்க. எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நானும் அதையேதான் பண்ணிட்டு இருந்தேன்.

வாங்காதீங்கன்னு சொல்ல இதை எழுதல. நான் போடாம விட்ட கணக்கை நீங்களாவது போட்டுப் பாருங்கன்னுதான் எழுதறேன்.

1,199 டாலர்

2023 நவம்பர். நான் அப்போ மூணாவது வருஷம். ப்ராஜெக்ட்டுக்கு மெஷின் லேர்னிங் மாடல் ட்ரெயின் பண்ணணும், அதுக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு வேணும்னு வீட்டில் சொல்லியிருந்தேன். அது பொய் இல்லை. ஆனா ராத்திரி பதினொரு மணிக்கு மேல அந்தக் கார்டு என்ன வேலை பார்க்கப் போகுதுன்னு சொல்லல.

ஆர்டிஎக்ஸ் 4070 போட்ட ஒரு மாடல் இங்க 1,55,000 ரூபாய். அமெரிக்காவில் அதே கார்டு போட்ட மெஷின் பிளாக் ஃப்ரைடே அன்னிக்கு 1,199 டாலர். அன்னிக்கு டாலர் சுமார் 83 ரூபாய். பெருக்கினா ஒரு லட்சத்துக்கும் கீழ. ஐம்பத்தஞ்சாயிரம் மிச்சம்! பெரியப்பா பையன் டல்லாஸில் இருக்கான், பொங்கலுக்கு வர்றான். இதுக்கு மேல என்ன வேணும்?

அப்பா பொள்ளாச்சியில் மோட்டார் ரீவைண்டிங் கடை வச்சிருக்கார். தோட்டத்து மோட்டார் காயில் சுட்டுப்போனா அவர்கிட்டதான் வரும். அவர் எடுத்த சீட்டுப் பணத்தில்தான் லேப்டாப் வாங்கறதா இருந்தது. எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அதெல்லாம் சரி கண்ணு. கெட்டுப்போனா யார் கதவத் தட்டறது?"

"இன்டர்நேஷனல் வாரண்டி இருக்குங்கப்பா. உலகத்துல எங்க வேணா பார்த்துக்கலாம்."

இதை நான் எங்கேயும் படிச்சிருக்கல. ஒரு யூடியூப் வீடியோவில் ஒருத்தர் சொன்னது காதில் விழுந்திருந்தது, அவ்வளவுதான். அப்பா தலையாட்டிட்டு பெரியப்பா கையில் பணத்தைக் கொடுத்தார்.

வந்தது, ஓடினது

முதல் அடி பில்லில் விழுந்தது. அமெரிக்காவில் ஒட்டியிருக்கிற விலையில் விற்பனை வரி சேராது, அது மாநிலத்துக்கும் ஊருக்கும் மாறும். டல்லாஸில் 8.25 சதவீதம். ஆக 1,199 டாலர் 1,298 ஆச்சு, நம்ம காசில் 1,08,000. இங்கே விற்கிற விலையிலும் பேங்க் கார்டு ஆஃபர்ல பத்தாயிரம் குறையும்னு அப்புறம்தான் பார்த்தேன். நிஜமான வித்தியாசம் 37,000 ரூபாய். அப்பவும் அது பெரிய காசுதான்.

சுங்கத்தில் பிரச்சினை வரல. 18 வயசு நிரம்பிய பயணி ஒரு லேப்டாப்பை வரி இல்லாமக் கொண்டு வரலாம். ஒண்ணுதான் கணக்குங்கிறதால அண்ணன் தன்னோட ஆபீஸ் லேப்டாப்பை அங்கேயே விட்டுட்டு வந்தான். அந்த வருஷம் ஆகஸ்டில் லேப்டாப் இறக்குமதிக்குக் கட்டுப்பாடுன்னு செய்தி வந்ததும் நான் பயந்துட்டேன். பயணிகள் கையோடு கொண்டு வர்றதுக்கு அது பொருந்தாது. ஆனா கூரியரில் வரவழைச்சா வரி கட்டித்தான் ஆகணும்.

ஆறு மாசம் ராஜா மாதிரி ஓடுச்சு. எங்க விங்கில் யாருக்கு ரெண்டரிங்னாலும் என் ரூமுக்குத்தான் வருவாங்க.

2024 ஜூலையில் ஒரு நாள் காலையில பவர் பட்டனை அமுக்கினேன். லைட் வரல, ஃபேன் சுத்தல. சார்ஜரைக் கழட்டி மாட்டினேன். பட்டனை முப்பது செகண்ட் அமுக்கிப் பிடிச்சேன். ஒண்ணும் நடக்கல. கட்டை மாதிரி கிடந்துச்சு.

"நார்த் அமெரிக்கா யூனிட் சார்"

கோயம்புத்தூரில் அந்த பிராண்டோட சர்வீஸ் சென்டர். பேரை விட்டுடலாம், எந்த பிராண்டிலும் இது நடக்கலாம். கவுன்டரில் இருந்தவர் சீரியல் நம்பரைத் தட்டிட்டு ஸ்கிரீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது நார்த் அமெரிக்கா யூனிட் சார். வாரண்டி இருக்கு, ஆனா இங்க கிடையாது."

யூடியூப்காரர் சொன்னதும் முழுப் பொய் இல்லை. அந்த பிராண்டில் சில மாடலுக்கு சர்வதேச வாரண்டி உண்டு. என்னுடையது அமெரிக்காவில் ஒரு பெரிய கடைக்காகவே செஞ்ச மாடல். பெட்டிக்குள்ள இருந்த துண்டுப் பேப்பரில், அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் மட்டும்னு பொடி எழுத்தில் போட்டிருந்தது. ஆறு மாசமா அது என் அலமாரியிலேயே இருந்திருக்கு.

காசு கொடுத்துச் சரி பண்ணிக்கலாமான்னு கேட்டேன். பிராசஸரும் கிராபிக்ஸ் சிப்பும் மதர்போர்டிலேயே சால்டர் பண்ணியிருக்கும், அதனால மொத்த போர்டையும் மாத்தணும், 82,000 ஆகும்னாங்க. அந்த மாடல் இந்தியாவில் விற்காததால போர்டு எப்ப வரும்னும் சொல்ல முடியாதாம்.

அமெரிக்காவுக்கே அனுப்பலாமே? யோசிச்சேன். உள்ளே இருக்கிறது லித்தியம் பேட்டரி. விமானத்தில் பயணி கையோடு கொண்டு போக 100 வாட்-ஹவர் வரைக்கும் தனி அனுமதி வேண்டாம், பல கேமிங் லேப்டாப்பில் பேட்டரி அந்த எல்லைக்குள்ளேயே நிக்கிறதுக்கு அதுதான் காரணம். ஆனா கூரியரில் போட்டா தனி விதிகள், நான் கேட்ட ரெண்டு இடத்திலும் பழுதான லேப்டாப்பை எடுக்க மாட்டேன்னாங்க. அண்ணன் அடுத்த தடவை வர்றது ஜனவரியில். வாரண்டி முடியறது நவம்பரில். வாங்கின தேதியிலிருந்து ஓட ஆரம்பிச்ச வாரண்டி, லேப்டாப் என் கைக்கு வர்றதுக்குள்ளேயே ஒன்றரை மாசத்தைத் தின்னுட்டுச்சு.

வாரண்டியும் உயிரோட இருந்தது, லேப்டாப்பும் என் மடியிலேயே இருந்தது. ரெண்டுக்கும் நடுவுல பாதி உலகம் இருந்தது.

பத்தொன்பது நாள்

இப்போ சொல்லப் போறதுக்காகத்தான் இந்தக் கட்டுரையே.

அப்பா தினமும் ராத்திரி போன் பண்ணுவார். சாப்பிட்டியான்னு கேப்பார். அப்புறம், "கம்ப்யூட்டர் நல்லா ஓடுதா கண்ணு?"

"ஓடுதுங்கப்பா."

பத்தொன்பது நாள் இதே பதில். ப்ராஜெக்ட்டை லேபில் ஓட்டினேன், பிளேஸ்மென்ட் டெஸ்ட்டை ரூம்மேட் லேப்டாப்பில் எழுதினேன். மதர்போர்டு போனதைவிட, அந்த ஒத்தைக் கேள்விக்கு நான் சும்மா அள்ளிவிட்ட பதில்தான் ராத்திரியில் தூங்க விடல. அவர் விலையைப் பத்திக் கேக்கல, ஸ்பெக் பத்திக் கேக்கல. கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதுக்குத்தான் நான் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்.

இருபதாவது நாள் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் லைன்ல சத்தமே இல்லை.

"எத்தன நாளாச்சு?"

சொன்னேன். திட்டல. "சரி, வெள்ளிக்கிழமை சேரன்ல டிக்கெட் போடு. ரெண்டு பேருக்கும்"னார். எனக்கு திட்டியிருந்தாக்கூடப் பரவால்லன்னு இருந்துச்சு.

ரிச்சி தெரு

சனிக்கிழமை காலையில ரிச்சி தெரு. சிப் லெவல் சர்வீஸ் பண்ற ஒரு சின்ன கடை, மாடியில், ரெண்டு பேர் நின்னா மூணாவது ஆளுக்கு இடம் இல்லை. போர்டைக் கழட்டின டெக்னீஷியன் மல்டிமீட்டரை வச்சார். பீப்னு விடாம சத்தம்.

"ஷார்ட்டா தம்பி?" அப்பாதான் கேட்டார்.

"ஆமா சார். மெயின் லைன் கிரவுண்டோட ஷார்ட்."

போர்டு மேல ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தடவி, அந்த லைனுக்குக் குறைஞ்ச வோல்டேஜ் கொடுத்தார். ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஈரம் சட்டுனு காய்ஞ்சது. ஷார்ட் ஆன பாகம்தான் சூடாகும், சூடான இடம்தான் முதலில் காயும். அரிசி மணியைவிடச் சின்னதா ஒரு கெப்பாசிட்டர். அதை எடுத்துட்டு வேற வச்சார்.

அப்பா குனிஞ்சு பார்த்துக்கிட்டே இருந்தார். "எங்க மோட்டார்லயும் இதே கததான் தம்பி. கம்பெனிக்காரன் முழுசா மாத்தச் சொல்லுவான். நாங்க காயிலக் கட்டிக் குடுத்துருவோம்." அப்புறம் அரை மணி நேரம் ரெண்டு பேரும் என்னை மறந்துட்டுப் பேசினாங்க.

6,500 ரூபாய். கிளம்பும்போது அப்பா பழக்கதோஷத்தில் கேட்டார்: "மறுபடி போச்சுன்னா?"

"மூணு மாசத்துக்குள்ள எப்ப வேணா கொண்டாங்க சார். நான் இங்கதான் இருப்பேன்."

ரசீதோட பின்னாடி தன் நம்பரை எழுதிக் கொடுத்தார். அப்பா அதை மடிச்சு சட்டைப் பையில் வச்சுக்கிட்டார். இன்னிக்கு வரைக்கும் லேப்டாப் ஓடுது, இதை அதிலேதான் தட்டிட்டு இருக்கேன்.

சரி, அப்போ வாங்கலாமா வேண்டாமா?

நேர்மையா சொன்னா, ரிப்பேர் காசையும் ரயில் காசையும் கழிச்சாக்கூட எனக்கு இன்னும் லாபம்தான். ஆனா எனக்குப் போனது ஒரு சின்ன கெப்பாசிட்டர். கிராபிக்ஸ் சிப்பே போயிருந்தா 1,08,000 ரூபாயும் குப்பைதான். அந்த 37,000 தள்ளுபடி இல்லை மக்களே. கம்பெனி எடுத்துக்க வேண்டிய ரிஸ்க்கை நம்ம தலையில் ஏத்திக்கிறதுக்கு நமக்குக் கிடைக்கிற கூலி. அந்தக் கூலி உங்களுக்குக் கட்டுப்படியாகுமான்னு பாருங்க. வாங்கறதா இருந்தா இதையெல்லாம் பண்ணிட்டு வாங்குங்க:

• பிராண்டை வச்சு வாரண்டியை முடிவு பண்ணாதீங்க. முழு மாடல் நம்பரை அனுப்பி, "இதுக்கு இந்தியாவில் வாரண்டி சர்வீஸ் உண்டா?"ன்னு கம்பெனியோட இந்திய சப்போர்ட்டுக்கு மெயில் போடுங்க. பதில் எழுத்தில் வரணும். போனில் சொன்னது கணக்கில் வராது.

• வாரண்டி இங்கே செல்லும்னாலும் எது செல்லும்னு கேளுங்க. வீட்டுக்கு வந்து பார்க்கிறது, கீழே விழுந்தா பார்க்கிறது எல்லாம் நாடு விட்டு நாடு வராமப் போகலாம். டெல் மாதிரி சில கம்பெனிகளில் நாட்டையும் உரிமையாளர் பேரையும் அவங்க சிஸ்டத்தில் மாத்தச் சொல்லி முதல்லயே விண்ணப்பிக்கணும். கெட்டுப்போற வரைக்கும் காத்திருக்காதீங்க.

• பில்லை மெயிலில் வாங்கி வைங்க. முதல் மாசமே நல்லா லோடு கொடுத்து ஓட்டிப் பாருங்க. முடிஞ்சா வாங்கிக் கொடுக்கிறவர் ஊருக்குக் கிளம்பும் முன்னாடி அங்கேயே ரெண்டு வாரம் ஓட்டட்டும். பிறவிக் கோளாறு இருந்தா அந்தக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துடலாம்.

• கார்டு பேரை மட்டும் பார்த்து விலையை ஒப்பிடாதீங்க. அதே 4070 ஒரு மெஷினில் 140 வாட் வரை போகும், மெல்லிசான இன்னொண்ணில் அதில் பாதிகூட இருக்காது. வாட் எவ்ளோன்னு பாருங்க.

• சார்ஜரில் 100-240 வோல்ட்னு போட்டிருந்தா நம்ம 230 வோல்டுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா ரோட்டோர கன்வெர்ட்டர் பின்னை மாட்டாதீங்க. சார்ஜரில் சொருகற முனைக்குப் பொருந்தற, எர்த் பின்னோட இருக்கிற நம்மூர் பவர் கேபிளை வாங்குங்க. எர்த் இல்லைன்னா மெட்டல் பாடியில் கை வச்சா சுருக்குன்னு இருக்கும். துபாயில் வாங்கறவங்க கீபோர்டில் அரபி எழுத்து இருக்கான்னும் பார்த்துக்கோங்க.

• இங்கே வாங்கினா இன்னொரு பலமும் உண்டு. சர்வீஸ் தராம இழுத்தடிச்சா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். டல்லாஸ் கடைக்காரரைப் பொள்ளாச்சிக்கு இழுக்கறது அவ்ளோ சுலபம் இல்லை.

கடைசியா ஒண்ணு. வீட்டில் காசு கேக்கும்போது தெரியாததை "தெரியலப்பா, பார்த்துச் சொல்றேன்"னு சொல்லுங்க. எனக்கு அந்த மெயில் போட பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

போன மாசம் தங்கச்சிக்கு லேப்டாப் பார்த்தோம். கோயம்புத்தூர் கடை ஒண்ணில், கொஞ்சம் கூடுதல் விலையில். கடைக்காரர் ஸ்பெக்கை எல்லாம் அடுக்கி முடிச்சதும் அப்பா என் பக்கம் திரும்பினார். அவர் வாயைத் திறக்கறதுக்குள்ள வாரண்டி பேப்பரை எடுத்து முதல் வரியிலிருந்து சத்தமா வாசிக்க ஆரம்பிச்சுட்டேன்.