சாரைப் பேசச் சொல்லுங்க

2021 ஜூனில் எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு இணையவழி வகுப்பு. கணவர் பள்ளி ஆசிரியர், லேப்டாப் அவருக்கு. மகள் பத்தாம் வகுப்பு; புதுக் கைபேசி அவளுக்கு. ஹால் மூலையில் துணி போர்த்திக் கிடந்த பழைய டெஸ்க்டாப் எனக்கு. யாரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு அல்ல. கடைசித் தோசை யாருக்கு என்று எந்த வீட்டிலும் பேசியா முடிவெடுக்கிறார்கள்?

2011இல் வெளிவந்த ஐ3 2100 பிராசஸர் அதில் இருந்தது. கட்டுரை தட்டச்சு செய்ய அது போதும். வகுப்பெடுக்கப் போதவில்லை. வீடியோவை ஓடவிட்டு, பதிற்றுப்பத்து உரையின் ஸ்கேன் பக்கத்தைத் திரையில் பகிர்ந்தால் என் குரல் துண்டு துண்டாகப் போகும். “மேடம், நீங்க பேசுறது கேக்கல” என்று பிள்ளைகள் எழுதுவார்கள். அண்ணனிடம் கெஞ்சிக் கைபேசி வாங்கி வந்து உட்கார்ந்த பெண்கள் அந்த வகுப்பில் இருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த ஒரு மணி நேரத்தை என் கணினி தின்றுகொண்டிருந்தது.

வழக்கமான கணினிக் கடைக்குப் போன் செய்து, பிராசஸரை மாற்றினால் சரியாகுமா என்று கேட்டேன். “சார் இருக்காரா மேடம்? சாரைப் பேசச் சொல்லுங்க.” அந்தப் பெட்டியில் எந்த வயர் எங்கே போகிறது என்று சாருக்குத் தெரியாது. ஆனாலும் போனை வாங்கிப் பேசினார். “பழசுல காசு போடாதீங்க சார், புதுசு வாங்கிடுங்க” என்று அவருக்குப் பதில் கிடைத்தது. எனக்கு அதுவும் கிடைக்கவில்லை.

புதுசுக்குக் காசு இல்லை. கௌரவ விரிவுரையாளரான எனக்குச் சம்பளம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. எனவே படிக்க ஆரம்பித்தேன். படிப்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்த தொழில்.

சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள், என் கணினியின் சாக்கெட் எல்ஜிஏ 1155 என்று காட்டியது. பிராசஸர் உட்காரும் இடத்தில் உள்ள பின்களின் எண்ணிக்கை அது. குறளைவிட 175 குறைவு. அதே சாக்கெட்டில் பொருந்தும் ஐ5 2400ஐத் தேர்ந்தெடுத்தேன். இரண்டுக்கும் அடிப்படை வேகம் 3.1 கிகாஹெர்ட்ஸ்தான். ஆனால் பழையதில் கோர் இரண்டு, இதில் நான்கு. ஒரே வேகத்தில் வேலை பார்க்கிற இரண்டு பேருக்குப் பதிலாக நான்கு பேர். என் மதர்போர்டு ஏற்கும் பிராசஸர்களின் பட்டியலில் அதன் பெயர் இருந்தது. பழையது 65 வாட், இது 95 வாட். கூடுதல் சூட்டைத் தாங்கப் பெரிய விசிறியும் வேண்டும். ஊரடங்கு தளர்ந்ததும் பழைய மாணவி ஒருத்தி ரிச்சி தெருவில் இரண்டையும் செகண்ட் ஹேண்டில் 1500 ரூபாய்க்கு வாங்கி அனுப்பினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பவர் வயரைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே தொங்கும் நகை எதுவும் படக்கூடாது என்று படித்திருந்தேன். வளையலைக் கழற்றினேன். குனிந்தால் தாலிச்சங்கிலி மதர்போர்டில் உரசியது. அதை முதுகுப் பக்கம் தள்ளி ஜாக்கெட்டுக்குள் செருகினேன்.

“அது என்னம்மா, அதைப் போயி முதுகுல போட்டுக்கிட்டு?” என்றார் மாமியார்.

“ஷாக் அடிக்கும் அத்தை.”

பொய். பெட்டியில் மின்சாரமே இல்லை. முனைவர் பட்டம் வாங்கிய நான், வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்ற எளிய உண்மையைச் சொல்லாமல் ஏன் பயத்தைக் காரணம் காட்டினேன் என்று இன்னும் யோசிக்கிறேன்.

பழைய விசிறியின் நான்கு கால்களையும் கால் சுற்றுத் திருப்பி எடுத்தேன். பிராசஸர்மேல் காய்ந்திருந்த பேஸ்டை ஆல்கஹால் தொட்டுத் துடைத்தபோது மங்கலாக எழுத்துகள் தெரிந்தன. அதில் ஒரு சொல் ‘மலாய்’. லீவரைத் தூக்கிப் பழையதை எடுத்தேன். புதியதன் மூலையிலுள்ள தங்க நிற முக்கோணத்தைச் சாக்கெட்டின் அடையாளத்தோடு பொருத்தி, அழுத்தாமல் வைத்தேன். ஒரு பின் வளைந்தாலும் மதர்போர்டு போச்சு. லீவரை இறக்கும்போது நெறுநெறுவென்று சத்தம் வரும், பயப்படக்கூடாது என்று தெரியும். பயந்தேன். ஒரு அரிசி அளவு பேஸ்ட் வைத்து, விசிறியை எதிரெதிர் மூலைகளாக அழுத்திப் பூட்டினேன்.

சுவிட்சைப் போட்டேன். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

“ஆளைக் கூப்பிட்டிருக்கலாம்ல” என்றார் கணவர். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் வலித்தது. பின்னை வளைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். அழுகை வந்தது. மறுபடி பவர் வயரைப் பிடுங்கி, டார்ச் அடித்து ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தேன். பிராசஸருக்குத் தனியாக மின்சாரம் கொண்டுபோகும் நான்கு பின் வயர், விசிறிக்குப் பின்னால் கழன்று கிடந்தது. இடைஞ்சலாக இருக்கிறதென்று நானே கழற்றியது. செருகினேன். திரை வெளிச்சமானது.

ஆள் வந்திருந்தாலும் அந்த வயர் மறந்திருக்கலாம். அவர் மறந்தால் அது வயர் விஷயம். நான் மறந்தால் பொம்பளை விஷயம்.

அன்றிரவு அந்த ‘மலாய்’ நினைவுக்கு வந்தது. அது மலேசியாவில் உருவாக்கி முடித்த பிராசஸர். இன்டெல் 1972இல் பினாங்கில் ஆலை தொடங்கியது. அன்று மலேசிய மின்னணு ஆலைகளில் வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து மயிரிழைக் கம்பியைச் சிப்பில் ஒட்டுகிற வேலை. சிலாங்கூர் ஆலைகளில் அப்படிப்பட்ட பெண்கள் ஆவி பிடித்து அலறி விழுந்ததைப் பற்றி அய்வா ஓங் 1987இல் ஒரு நூல் எழுதினார். நிர்வாகம் ஹிஸ்டீரியா என்றது; ஓங் அதில் எதிர்ப்பைப் பார்த்தார். என் பிராசஸர் செய்யப்பட்ட காலத்தில் ஒட்டும் வேலை பெரும்பாலும் இயந்திரத்துக்குப் போய்விட்டது. ஆனால் பெண்களுக்கு விரல் நுணுக்கம் அதிகம், பொறுமை அதிகம் என்று சொல்லித்தான் இந்தத் தொழிலே அவர்களைக் குறைந்த கூலிக்கு உட்காரவைத்தது. செய்வதற்குப் பொருத்தமான அதே விரல், திறந்து பார்க்க மட்டும் எப்படிப் பொருத்தமில்லாமல் போனது? நானே செய்தேன் என்ற என் பெருமையில் அவர்களுடைய கண்பார்வையும் சேர்ந்திருக்கிறது.

மறுநாள் வகுப்பில் குரல் தடைபடவில்லை. கல்லூரி திறந்ததும் பழைய பிராசஸரைக் கொண்டுபோய்ப் பெண்களிடம் கைமாற்றிவிட்டேன். “இவ்ளோதானா மேடம்?” என்றாள் ஒருத்தி. எங்கள் துறையில் ஓடாத கணினி ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை அதைத் திறக்கலாமா என்று கேட்டாள். ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவரச் சொன்னேன்.