லைனர் மாற்றக் கழற்றிய சக்கரம்

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக வரும் வீதி நோர்வூட்டில் பிரிந்து, ஒரு கை பொகவந்தலாவைக்கும் மறு கை மஸ்கெலியாவுக்கும் போகிறது. பெரிய வீதியில் பஸ் உண்டு. அங்கிருந்து தோட்ட டிவிஷன்களுக்கு ஏறும் பாதைகளில் ஓட்டோதான். 2017 மே 12ஆம் திகதி நோர்வூட்டில் பேசிய இந்தியப் பிரதமர் மோடி, 1990 இலக்க அம்புலன்ஸ் சேவை எல்லா மாகாணங்களுக்கும் வரும் என்று அறிவித்தார். வந்தும்விட்டது. என்றாலும் மலையில் குளவி கொட்டினால், ராத்திரியில் பிரசவ வலி கண்டால், லயத்து வாசலுக்கு முதலில் வந்து நிற்பது பக்கத்து வீட்டுத் தம்பியின் ஓட்டோ. அந்த வண்டிகளை ஓடவைக்கும் கைகளைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

நான் பார்த்தவர் லயத்துக்குப் பின்னால், மரக்கட்டையில் வண்டியைத் தூக்கி வைத்திருந்தார். பின் சக்கரத்துக்குப் புது பிரேக் லைனர் போடும் சின்ன வேலை. "கராஜுல விட்டா ஒரு நாள் ஹயர் போயிரும் சேர். இது நமக்குத் தெரிஞ்ச வேலதானே" என்றார். டிரம்மைத் தட்டிக் கழற்றியதும் அவர் பேச்சு நின்றது. லைனர் தேயும்போது உதிர்வது காய்ந்த தூள். இங்கே கறுப்புச் சேறு ஒட்டியிருந்தது. விரலில் தொட்டு முகர்ந்தார். "பிரேக் ஒயில் சேர். வாசர் போயிருச்சு."

மாற்ற நினைத்தது ஒன்று, போயிருந்தது வேறொன்று: சிலிண்டரிலிருந்து ஒயிலை வெளியே விடாத ரப்பர் வாசர். லைனர் தேயத் தேய, வீல் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் வெளியே தள்ளி நின்றே வேலை செய்யும். அதனால் ஒயில் மட்டம் கொஞ்சம் இறங்குவது இயல்புதான். கசிவும் அதே மாதிரிதான் மட்டத்தை இறக்கும். ஓட்டுபவர் ஒயிலை ஊற்றிக்கொண்டே போவார், சந்தேகம் வராது. பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. நாள்பட்ட ஒயில் சிலிண்டரின் உட்சுவரில் துருவைக் கொண்டுவரும். தடித்த புது லைனரைப் போட்டதும் பிஸ்டன் பின்னால் தள்ளப்பட்டு, இதுவரை தொடாத அந்தத் துருப்பகுதியில் வாசர் உரசும். லைனர் மாற்றிய மறுவாரமே பிரேக் இறங்குகிறது என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கடைக்காரரைத் திட்டுவதில் பயனில்லை. சிலிண்டரைத் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

அவர் திறந்தார். உள்ளே துரு. வாசர் மட்டும் மாற்றினால் போதாது, முழு சிலிண்டரும் வேண்டும். அதோடு விடாமல் மற்றச் சக்கரங்களையும் தூக்கிச் சுழற்றினார். ஒன்றின் பெயாரிங் கரகரத்தது. முன்சக்கரத்தைப் பிடித்து ஆட்டியபோது ஸ்டியரிங் கோன்செட்டில் ஆட்டம் இருந்தது. குழி விழுந்த தோட்டப் பாதையில் அது வியப்பில்லை.

ஒயில் ஊறிய லைனரை எறியத்தான் வேண்டும். "2022ல நாங்க எறியல்ல சேர். பெற்றோல்ல கழுவி, மண்தாள்ல தேச்சுத் திரும்பவும் போட்டோம்" என்றார். சாமான் கிடைக்காத, கிடைத்தாலும் விலை கேட்க முடியாத வருடம் அது. எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தபோது ஓட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீற்றர்தான். ஹயர் இல்லாதவர் சிலிண்டர் வாங்குவது எப்படி? 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழைய வண்டிகளே மலை ஏறி இறங்கின. அவை இறங்கியது இவரைப் போன்றவர்களின் கவனத்தால் என்றே நான் நம்புகிறேன்.

வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைச் சான்று கேட்கிறார்கள், காப்புறுதி கேட்கிறார்கள். புகைக்குழாயில் செருகும் கருவி டிரம்முக்குள் எட்டிப் பார்க்காது. மலைநாட்டில் ஓடும் ஓட்டோவுக்கு வருடம் ஒருமுறை இலவசமாக பிரேக் பார்த்துக் கொடுக்க, ஹட்டனிலோ நோர்வூட்டிலோ ஓர் இடம் அமைக்கலாம். பிரதேச சபையும் போக்குவரத்துத் திணைக்களமும் சேர்ந்தால் முடியாத காரியமல்ல.

அதுவரை ஓட்டோத் தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள். ஆயுத பூசைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைப்பீர்கள். அதற்கு முதல் நாள் மூன்று சக்கரத்தையும் கழற்றிப் பாருங்கள். டிசம்பர் பௌர்ணமியோடு சிவனொளிபாதமலைப் பருவம் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு வண்டியைக் கட்டையில் ஏற்ற உங்களுக்கு நேரம் கிடைக்காது.