நான்கு கோடுகளும் ஒரு பல் குறியும்

முப்பது ஆண்டுகளாக எழுத்துருக்களோடு மல்லுக்கட்டியவன் நான். பாமினியில் அடித்ததை யுனிகோடுக்கு மாற்றியபின், கொம்பும் காலும் இடம் மாறிக் கிடப்பதைக் கண்டு தலையில் அடித்துக்கொண்ட இரவுகள் பல. ஆகவே சென்ற மாதம் ரிவர்ஸ்டன் மலைக்குக் கீழே இருந்துகொண்டு கிரெகோரியன் இசைக்கான மென்பொருளை நிறுவத் தொடங்கியபோது, இது என்ன பெரிய வேலை என்ற மிதப்பில்தான் இருந்தேன்.

காரணம் பெரியப்பா. வயது 93. இறத்தோட்டையிலிருந்து மலையேறும் பாதையில், மகள் வீட்டில் இருக்கிறார். 1952இல் கண்டி அம்பிட்டியவிலிருந்த பாப்பரசர் குருமடத்தில் சேர்ந்தவர். 13ஆம் லியோ பாப்பரசரின் முயற்சியால் 1893இல் தொடங்கிய அந்தக் குருமடம் 1955இல் பூனாவுக்கு இடம்பெயர்ந்தது. பெரியப்பா உடன் போகவில்லை. தகப்பனார் இறந்துவிட்டார், வீட்டில் மூன்று தங்கைமார். அங்கியைக் கழற்றிவிட்டு வாத்தியாரானார். குருமடத்திலிருந்து அவர் கொண்டுவந்தது, தன் கையால் பிரதி பண்ணிய ஒரு பாட்டுக் கொப்பி மட்டுமே.

நான்கு கோடுகள், அவற்றின்மேல் கட்டைப் பேனாவால் இட்ட சதுரச் சுரங்கள், கீழே இலத்தீன். மை ஊறிப் பரவிவிட்டது. பெரியப்பாவின் கண்ணும் மங்கிவிட்டது. படம் பிடித்துப் பெருப்பித்துக் காட்டினேன்; மைக்கறையும் சேர்ந்து பெருத்ததுதான் மிச்சம்.

"தம்பி, இதைப் பெரிசா அச்சடிச்சுத் தர ஏலுமோ? எழுபது வருசமாய் மனசுக்குள்ளேயே பாடிக்கொண்டிருக்கிறன். இப்ப இடையிலே இடையிலே விட்டுப்போகுது."

'கிரெகோரியோ' என்ற கட்டற்ற மென்பொருள் இதற்கென்றே உண்டு. எலி ரூ என்பவர் 2006இல் பிரான்சில் தொடங்கியது. டெக் என்னும் அச்சுக்கோப்பு முறையின்மேல் அது இயங்குகிறது. தமது நூலின் அச்சுப்படி அழகில்லை என்று மனம் நொந்து டொனால்ட் குனூத் உருவாக்கியது டெக். புரூஃப் பார்த்து நொந்தவர்களுக்கு அந்த மனிதரைப் பிடிக்காமல் போகாது.

மலையுச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரம் நிற்கிறது. மூடுபனி இறங்கினால் கோபுரமும் இல்லை, மலையும் இல்லை. அந்த வெண்மைக்குள் அமர்ந்து பதிவிறக்கம் முடியக் காத்திருந்தேன். முடிந்ததும், லுவாலேடெக் கொண்டு ஓட்டவேண்டிய கோப்பைப் பழக்கதோஷத்தில் பிடிஎஃப்லேடெக் கொண்டு ஓட்டி அரைநாளை வீணாக்கினேன். எழுத்துருவில் பிழை என்று நினைத்தேன். பிழை என்னில்.

பாட்டை உள்ளிடும் முறை எளிது. அசையை எழுதி, பக்கத்தில் அடைப்புக்குள் சுரம். ஆங்கிலத்தின் ஏ முதல் எம் வரையான எழுத்துகள் சுரங்களின் உயரத்தைக் காட்டும். ச ரி க ம என்று எழுதிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. ஆசைக்கு ஒரு தமிழ் வரியையும் இட்டுப் பார்த்தேன். இலத்தீன் அசையில் உயிரெழுத்தைத் தேடி அதன் நேர்மேலே சுரத்தை வைக்கும் மென்பொருள், நம் உயிர்மெய்க்குள் உயிர் எங்கே என்று தெரியாமல் திகைத்தது. சுருள் அடைப்பிட்டு நடுவிடத்தை நாமே காட்டிக்கொடுக்க வேண்டும்.

இயல்பாக 17 ஆக இருக்கும் கோட்டின் அளவை 30 ஆக்கி, உயிர்ப்புக் காலப் பாடல் ஒன்றை மாத்தளையில் அச்சிட்டுக் கொண்டுவந்தேன். பெரியப்பா தாளை முகத்தருகே பிடித்தார். குரல் நடுங்கியது, சுரம் நடுங்கவில்லை. இரண்டாம் வரியில் நின்றுவிட்டார்.

"இதிலே பல்லுப்போலே ஒண்டு இருக்கவேணும்."

கொப்பியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மைக்கசிவு என்று நான் ஒதுக்கிய இடத்தில், வாளின் பல்போல ஒரு குறி. குயிலிஸ்மா என்பார்கள். அதைப் பாடும் விதம் பற்றி அறிஞரிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை. மேலேறும் சுரங்களுக்கிடையில் லேசாகத் தொட்டுச் செல்லவேண்டும் என்று பெரியப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தவர் எப்போதோ இறந்துபோனார். பெரியப்பா பாடிக் காட்டினார். எனக்கு ஒரு கமகம்போலக் கேட்டது.

கோப்பில் அந்தச் சுரத்தின் பக்கத்தில் டபிள்யூ என்ற ஓரெழுத்தைச் சேர்த்தேன். திரையில் பல் முளைத்தது.

மறுநாள் புதிய தாளைக் கொடுத்தேன். இம்முறை நிற்காமல் பாடி முடித்தார். சமையலறையிலிருந்து அக்கா வந்து, ஈரக்கையோடு கதவடியில் நின்றாள். தகப்பன் உரத்துப் பாடி அவள் கேட்டதில்லையாம்.

பெரியப்பா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கொப்பியில் இன்னும் 42 பக்கங்கள் இருக்கின்றன என்றார்.