பவழமல்லி சொல்லும் பாடம்

வாசலில் பவழமல்லி மரம் உள்ள வீடுகளில் விடிந்ததும் முதல் வேலை என்ன தெரியுமா, சகோதரிகளே? கோலம் போடுவதற்கு முன்னால் பூப் பொறுக்குவதுதான்! பட்டாபிராமில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பொழுது சாய்ந்ததும் மொட்டு விரியும். ராத்திரி முழுக்கத் தெருவே மணக்கும். வெயில் ஏறுவதற்குள் அத்தனையும் உதிர்ந்துவிடும். ஒரே ராத்திரி ஆயுசு!

மரத்தை நட்டது என் மாமியார். "கீழே விழுந்த பூவை சாமிக்கு வைக்கக் கூடாதும்பாங்க. இதுக்கு மட்டும் அந்த தோஷம் கிடையாதும்மா" என்பார். இரண்டு வருஷத்துக்கு முன் ஓர் ஐப்பசியில், மரம் பூத்துக் குலுங்கிய சமயத்தில், அவர் காலமானார். அதற்கப்புறம் அந்தப் பூவைப் பார்த்தாலே எனக்கு நெஞ்சை அடைக்கும். பெருக்கித் தள்ள மனசு வராது; எடுத்துக் கோர்க்கக் கையும் வராது.

அந்த நாட்களில் ஒரு வேலையாக எழும்பூர் போயிருந்தபோது, கென்னட் லேனில் இருக்கும் மகாபோதி சங்கத்துக்குள் நுழைந்தேன். இலங்கையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் புத்தர் சிலைக்கு முன் பூ வைத்துக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். வரம் கேட்டு அவர்கள் பூ வைப்பதில்லையாம். இந்தப் பூ வாடப்போகிறது, நம் உடம்பும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டே வைப்பார்களாம். எங்கள் வீட்டு மரத்தைப் பற்றிச் சொன்னேன். "எங்கள் ஊரில் அது சேபாலிகா. அந்தப் பவழக் காம்பில்தான் முன்பெல்லாம் பிக்குகளின் காவித் துணிக்குச் சாயம் ஏற்றுவார்கள்" என்றார். உதிர்ந்த பூவும் ஒரு துறவியின் ஆடைக்கு நிறமாகிறதே என்று எனக்கு மெய்சிலிர்த்தது.

கிசா கௌதமி கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மருந்து கேட்டுப் புத்தரிடம் வந்த தாய் அவள். "சாவே நடக்காத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கி வா" என்றார் அவர். வீடு வீடாக ஏறி இறங்கினாள். கடுகு எல்லார் வீட்டிலும் இருந்தது. சாவு நடக்காத வீடுதான் இல்லை. உபதேசம் எதுவும் செய்யாமலே அவளுக்கு உண்மை விளங்கிவிட்டது.

நம் தமிழிலேயே இருக்கிறதே, சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை! கோவலனும் கண்ணகியும் பட்ட துயரத்தைக் கேட்டு மணிமேகலை அழுகிறாள். கையிலிருந்த மாலையில் கண்ணீர் விழுந்து அதன் தூய்மை கெடுகிறது. புதுப் பூப் பறித்து வரச் சொல்லி அவளை அனுப்புகிறாள் மாதவி. அழுகை தப்பென்று யாரும் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அடுத்த வேலை காத்திருந்தது.

துக்கத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். போனவர்களுக்காக அழும்போதே, இருப்பவர்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். திருநின்றவூரில் என் அம்மா இருக்கிறார், வயசு 78. இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை தவறாமல் மின்சார ரயில் ஏறிவிடுகிறேன். எங்களுக்குப் பேச எவ்வளவோ இருக்கிறது.