பெரியப்பாவின் ஹெரால்டும் மகனின் புதுக் காரும்

சின்ன வயதிலிருந்தே எனக்குக் கார் பைத்தியம். சொந்தமாக வாங்க 37 வயதாகிவிட்டது. அதுவரை ஊரார் கார்களைப் பார்த்தே மனதை ஆற்றிக்கொண்டேன்.

முதலில் மனதைப் பறித்தது பெரியப்பாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். வண்டலூர் தொழிற்சாலையில் தயாரானது. அதன் உருவத்தை வரைந்தவர் மிச்சலோட்டி என்ற இத்தாலியர். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுவதும் முன்னால் சாயும். மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்து இன்ஜினைக் குடைவார். மெல்லிய தூண்கள், நாலாபுறமும் கண்ணாடி. உள்ளே உட்கார்ந்தால் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி தெரு முழுக்கத் தெரியும்.

அம்பாசடரை அழகு என்று சொல்ல மாட்டேன். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் உருவத்தில் வந்து, அதிகம் மாறாமலே 2014 வரை ஓடியது. ஆனால் அதில் ஒரு சௌகரியம் இருந்தது. கியர் ஸ்டீயரிங் பக்கத்தில். முன் சீட் சோபா மாதிரி. மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். ஹெட்லைட்டை டிம் செய்ய இடது காலடியில் ஒரு பொத்தான். இருட்டிலும் எது எங்கே இருக்கிறது என்று கைக்கும் காலுக்கும் தெரியும்.

இன்றைய கார்களுக்கு வருகிறேன். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த கொழுக்கட்டை மாதிரி. முகத்தில் ஏனோ அத்தனை கோபம். ஜன்னல் விளிம்பு தோள் வரை ஏறிவிட்டது. பின் சீட்டில் உட்காரும் என் பேத்திக்கு வானம் மட்டும்தான் தெரியும். ஏசியைக் குறைக்க வேண்டுமானால் சாலையிலிருந்து கண்ணை எடுத்துத் திரையைத் தேட வேண்டும். கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் வழங்கும் ஐரோப்பிய அமைப்பே, 2026 முதல் ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர் போன்றவற்றுக்குத் தனி சுவிட்ச் இருந்தால்தான் முழு மதிப்பு என்று சொல்லிவிட்டது. பொத்தானின் அருமை அவர்களுக்கும் புரிந்திருக்கிறது.

இப்படியெல்லாம் பேசிக்கொண்டு திரிந்தவன்தான், போன வருஷம் ஒரு நாள் வாயடைத்துப் போனேன்.

திருச்சி தில்லைநகரில் மகனின் புதுக் காரை நான் ஓட்டினேன். வலது பக்கம் திரும்பும்போது சாலை காலியாகத்தான் தெரிந்தது. திடீரென்று பேத்தி "தாத்தா!" என்று கத்தினாள். பிரேக்கை மிதித்தேன். இரண்டடி தூரத்தில் கூடையோடு ஒரு பூக்காரம்மா. முன் கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே உள்ள தூணுக்குப் பின்னால் அவர் மறைந்திருந்தார். அவர் நடந்த வேகமும் நான் திரும்பிய வேகமும் ஒத்துப் போனதால், கடைசி வரை என் கண்ணில் படவே இல்லை. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வை இன்னும் மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகனிடம் சீறினேன். "தூணா இது, கோயில் தூண்! ஹெரால்டில் இப்படி நடக்குமா?"

அவன் நிதானமாகச் சொன்னான். "அப்பா, கார் உருண்டால் கூரை நம் தலையில் இறங்காமல் தாங்குவது அந்தத் தூண்தான். பானெட் உயர்ந்திருப்பதும் நடந்து போகிறவர்களுக்காகத்தான். அவர்கள் தலை வந்து மோதினால், இன்ஜினில் படாமல் தகடு அமுங்க இடம் வேண்டுமே."

சொல்லும்போது தன்னை அறியாமல் இடது புருவத்தைத் தடவிக்கொண்டான். அங்கே ஒரு தழும்பு இருக்கிறது. 1989-இல் நான் வாங்கிய பழைய காரில், அவனுக்கு மூன்று வயது, முன் சீட்டில் அம்மா மடியில் இருந்தான். பெல்ட் கிடையாது. குறுக்கே ஒரு மாடு வர, நான் பிரேக் போட, டேஷ்போர்டில் மோதி மூன்று தையல். அந்த டேஷ்போர்டின் பளபளப்பை நான் எத்தனை பேரிடம் பெருமையடித்திருக்கிறேன்!

அதன் பிறகு பழைய கார்களைப் புகழும்போது கொஞ்சம் அடக்கி வாசிக்கிறேன். ஹெரால்டின் கண்ணாடி மீது ஆசை இன்னும் போகவில்லை. ஆனால் பேத்தியை அதில் ஏற்ற மனம் வராது.

என் வயதில் இன்னும் கார் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. திரும்பும் முன் தலையை முன்னும் பின்னும் ஒரு முறை அசைத்துத் தூணைத் தாண்டிப் பாருங்கள். கழுத்து வலிக்கத்தான் செய்யும். பரவாயில்லை.