சாடியின் கழுத்துக்குள்ளே

இஸ்லாமியக் கலையைப் பற்றிய நூல்களைப் புரட்டினால், பொன்னொளி வீசும் தட்டங்களும் கலீபாக்களின் மாளிகைகளுமே பக்கந்தோறும் நம்மை எதிர்கொள்கின்றன. பூச்சில்லாத வெறும் மட்கலங்களுக்கு அங்கே கிடைப்பது ஒரு மூலைதான். அந்த மூலையிலிருந்த சிறு படமொன்றையே நான் சில ஆண்டுகளாக என் வகுப்புகளுக்கு எடுத்துச் செல்கிறேன். அது எகிப்து நாட்டுத் தண்ணீர்ச் சாடியொன்றின் உடைந்த கழுத்து.

எகிப்தை வென்ற அரபுப் படையினர் கி.பி. 641 அளவில் நைல் நதியின் கிழக்குக் கரையிலே புஸ்தாத் நகரை நிறுவினர். 1168இல் அது தீக்கிரையாயிற்று; பின்னர் அதன் பெரும்பகுதி குப்பைமேடாயிற்று. 1912 முதல் அம்மேடுகளை அகழ்ந்தபோது இத்தகைய கழுத்துகள் ஏராளமாக வெளிப்பட்டன. கழுத்தின் அடியிலே துளையிட்ட வட்டத் தட்டொன்று இருக்கும். பூச்சி புழு உள்ளே விழாமல் தடுப்பதே அதன் வேலை. அதற்கு நாலைந்து துளைகள் போதும். குயவனோ ஈரமண்ணைச் சீவியும் துளைத்தும், பின்னற்கோலங்களையும் பறவைகளையும், சிலவற்றில் மயிலையும் அங்கே படைத்துவிட்டான்.

இக்கலத்துக்கு ஏன் பூச்சில்லை? பூசினால் மண்ணின் நுண்துளைகள் அடைபட்டுவிடும். பூசாத சாடியில் நீர் மெல்லக் கசிந்து, புறத்தே ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தையும் கொண்டுபோகிறது. ஆகவே, வறுமையால் விடுபட்ட பூச்சன்று இது. அறிந்து விலக்கிய பூச்சு.

“ஒருவரும் பாராத இடத்தில் மயில் எதற்கு, சேர்?” என்று மாணவியொருத்தி கேட்டாள். ஒருவரும் பாராத இடமன்று அது. நீர் வார்ப்பவளும், தாகத்தோடு சாடியின் வாயருகே குனிபவனும் பார்ப்பார்கள். அவர்களுக்காகவே அந்த மயில்.

வயிற்றுப்பாடு தீர்ந்த பின்னரே அழகு என்று நம் முற்போக்கு நண்பர் சிலர் வாதிடுகின்றனர். அழகு செல்வர்க்கே உரியதென்று எதிரணியினர் சொல்லிவருவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? உழைப்பவன் தன் தேவையையும் அழகையும் ஒரே பிடி மண்ணில் ஒருங்கே கண்டான் என்பதற்கு அக்குப்பைமேடே சான்று.

கலீபாக்களின் ஆட்சியாண்டுகளை மனனஞ் செய்யும் நம் மாணவர், அவ்வாண்டுகளிலே சாடி வனைந்த கைகளையும் அறியவேண்டும். பாடத்திட்டம் இடந்தரும்வரை காத்திராமல், அவற்றை நாமே வகுப்பறைக்குக் கொண்டுசெல்வோம்.