பெயரிழந்த குரல்கள்

நாட்டார் பாடல்களைப் பற்றி எழுதவேண்டிய எங்களுக்கு ஒரு வன்தட்டைப் பற்றி எழுத நேர்ந்திருக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்பது பிறகுதான் புரிந்தது.

2008 முதல் 2011 வரை, கல்லூரி விடுமுறை நாட்களில் நாங்கள் இருவரும் புதுக்கோட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒலிப்பதிவுக் கருவியுடன் அலைந்தோம். தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி என 212 பதிவுகள் சேர்ந்தன. பாடியவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டிய பெண்கள். பலர் இன்று உயிருடன் இல்லை. அத்தனையும் 500 ஜிபி கொள்ளளவுள்ள ஒரே வன்தட்டில் இருந்தன. பாடியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைக் குறித்த அட்டவணையும் அதே தட்டில்தான் இருந்தது. பாடபேதங்களைப் பற்றி ஆண்டுதோறும் வகுப்பெடுக்கும் நாங்கள், ஒற்றைப் பிரதியை நம்பிப் பத்தாண்டுகளுக்கு மேல் நிம்மதியாக உறங்கியிருக்கிறோம்.

ஒருநாள் தட்டு திறக்கவில்லை. வடிவமைக்க வேண்டுமா என்று கணினி கேட்டது. வெற்றிலைப் பாக்கு வேண்டுமா என்று கேட்பதுபோல அவ்வளவு இயல்பாகக் கேட்டது. வேண்டாம் என்று இணைப்பைப் பிடுங்கியதுதான் நாங்கள் செய்த முதல் நல்ல காரியம்.

தரவு மீட்கும் நிறுவனம் ஒன்றில் விசாரித்தோம். 35,000 ரூபாய் ஆகும், ஆனால் உறுதி கூற இயலாது என்றார்கள். அவர்களைக் குறைசொல்ல ஏதுமில்லை. தட்டைப் பிரித்துத் தலைப்பகுதியை மாற்றவேண்டுமானால் தூசியற்ற அறை வேண்டும். அதற்குரிய விலை அது. எங்கள் தட்டுக்கு அந்த வைத்தியம் தேவையா என்பதே கேள்வி.

கணினித் துறையில் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவர் முதலில் காதை வைத்துக் கேட்கச் சொன்னார். டக் டக் என்று சீராக அடித்துக்கொள்ளும் ஓசை வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். படிக்கும் தலைப்பகுதி பழுதடைந்திருக்கலாம், மேலும் ஓடவிட்டால் தட்டின் பரப்பே கீறப்படலாம் என்றார். எங்கள் தட்டு அப்படி அடித்துக்கொள்ளவில்லை. சீராகச் சுழன்றது, சில இடங்களில் மட்டும் தயங்கி நின்றது. அடுத்து, வெளியுறையின் மின்பலகை பழுதாகியிருக்கலாம் என்ற ஐயத்தில், தட்டை உறையிலிருந்து எடுத்து 450 ரூபாய் வடமொன்றால் நேரடியாக இணைத்துப் பார்த்தோம். பலனில்லை. பழுது தட்டிலேயே இருந்தது.

பிறகு 5,200 ரூபாய்க்குப் புதிய தட்டு ஒன்று வாங்கினோம். மற்றவை இலவச மென்பொருள்கள். லினக்ஸில் இயங்கும் டிடிரெஸ்க்யூ என்ற நிரல், நோயுற்ற தட்டை அப்படியே புதிய தட்டுக்குப் படியெடுக்கிறது. அதன் முறைமை எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. கெட்ட இடத்தில் மல்லுக்கட்டுவதில்லை. நல்ல பகுதிகளை முதலில் வாரியெடுத்துக்கொண்டு, சிதைந்த இடங்களைக் குறித்துவைத்து, பின்னர் பொறுமையாகத் திரும்பி வருகிறது. செல்லரித்த சுவடியைப் படியெடுப்பவரும் இதைத்தானே செய்வார்? மின்விசிறியைத் தட்டின் பக்கம் திருப்பிவைத்து நான்கு நாட்கள் காத்திருந்தோம். மூலத்தை அதன்பின் தொடவில்லை. எல்லா வேலையும் படியின் மீதுதான்.

ஆனால் கோப்புகளின் பெயரும் இருப்பிடமும் எழுதப்பட்டிருந்த பகுதியே சிதைந்திருந்தது. ஆகவே ஃபோட்டோரெக் என்ற நிரலை நாட வேண்டியதாயிற்று. அது பெயரைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் தொடக்கத்தில் ஓர் அடையாளம் உண்டு. அதைக் கண்டு, இங்கே ஓர் ஒலிக்கோப்பு தொடங்குகிறது என்று பிரித்தெடுக்கிறது. துண்டுதுண்டாகச் சிதறிக் கிடந்தவை பாதியில் அறுந்தன. முடிவில் 171 பதிவுகள் முழுமையாகவும் 23 குறையாகவும் கிடைத்தன. 18 கிடைக்கவில்லை. அட்டவணையும் கிடைக்கவில்லை. அந்தப் பதினெட்டில் ஐந்து, மாணவி ஒருவரின் ஆய்வேட்டுக்காக முன்பு நாங்கள் கொடுத்திருந்த குறுவட்டில் இருந்தன. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இன்று நம்மிடம் இல்லை. அவற்றைச் சேர்ந்தவையாகக் கருதப்படும் சில பாடல்கள் தொல்காப்பிய உரைகளிலும் புறத்திரட்டிலும் எடுத்தாளப்பட்டதால் பிழைத்தன. பிறருக்குக் கொடுத்ததே மிஞ்சுகிறது.

செலவு 6,000 ரூபாய்க்குள் முடிந்தது. வேலை அதன்பிறகுதான் தொடங்கியது. குரல்கள் வந்துவிட்டன; பெயர்கள் வரவில்லை. எஃப் என்ற எழுத்தும் அதைத் தொடர்ந்த நீண்ட எண்ணுமே ஒவ்வொரு கோப்புக்கும் பெயராக இருந்தது. சிலவற்றில் பாட்டுக்கு முன் ஊரும் பேரும் கேட்டிருந்தோம், அவை தப்பின. மற்றவற்றுக்கு, அடையாளம் தெரியும்வரை, பாட்டில் வரும் தொடரையே பெயராக வைத்தோம். ‘உலையேறாப் பானையார்’, ‘வேலியோர விளக்கினார்’ என்று. செம்புலப்பெயனீரார், ஓரேருழவனார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்றெல்லாம் தொகைநூல்களில் காணும்போது அதை அழகான மரபு என்று வகுப்பில் சொல்லிக் கடந்திருக்கிறோம். பாட்டு கையிலிருந்து, பாடியவர் பெயர் கைநழுவிப்போனவர்களின் செயல் அது என்பது இப்போதுதான் உறைத்தது.

பொங்கல் விடுமுறையில் மீட்ட பதிவுகளைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு பழைய ஊர்களுக்குச் சென்றோம். ஒரு வீட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி, ஒப்பாரி என்றதும் எழுந்துகொண்டார்.

“வீட்டுக்குள்ள வேணாம் சார். மரத்தடிக்குப் போயிருவோம்.”

வேப்பமரத்தடியில் பதிவை ஓடவிட்டோம். முதல் இழுப்பிலேயே அவர் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார். பாட்டு முடிந்தபின்தான் பேசினார்.

“எங்கம்மா சார். எங்க அம்மாச்சி செத்தப்ப பாடுனது. நீங்க கேட்டீகன்னு திரும்பப் பாடுச்சு. அதுக்கு இந்தப் பாட்டப் பாட ஆளில்லாமப் போச்சு. நாங்க யாரும் கத்துக்கல.”

தாயின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டோம். தாளில், மையால். அவர் அந்தப் பதிவைத் தம் கைப்பேசியிலும் போட்டுத்தரச் சொன்னார். இத்தனை ஆண்டுகளில் பாடியவர் வீட்டுக்கு ஒரு படி கொடுக்கவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை. கொடுத்திருந்தால் அந்த வன்தட்டு என்றைக்கு வேண்டுமானாலும் செத்திருக்கலாம்.

இப்போது பதிவுகள் மூன்று இடங்களில் இருக்கின்றன: எங்களிடம், கல்லூரி நூலகத்தில், வெளியூர் நண்பரிடம். அடையாளம் தெரிந்த ஒவ்வொன்றும் அந்தந்த வீட்டிலும் இருக்கிறது. அட்டவணை, பேரேட்டுக் குறிப்பேடு ஒன்றில்.

இன்னும் 31 குரல்களுக்குப் பெயரில்லை. உலையேறாப் பானையாரின் பாட்டுக்குப் பின்னால் ஒரு கோயில் மணியோசை கேட்கிறது. அந்த மணியைத் தேடி அடுத்த விடுமுறையில் புறப்படுகிறோம்.